டிஎன்ஏ சிக்கெடுக்கும் நொதிக்கு ஆர்என்ஏவின் மேல் என்ன வேலை?

ரெண்டாம் வருஷம் எழுதியது:

எம்எஸ்சி உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் ஜர்னல் கிளப்பில் என் முறை. நான் எடுத்திருக்கும் கட்டுரை 2017இல் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்திலிருந்து செல் இதழில் வந்தது. படியெடுத்தல், அதாவது டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதுவது, மந்தமானால் ஆர்என்ஏவில் எம்6ஏ என்கிற குறி கூடுகிறது, அதனால் அந்த ஆர்என்ஏவிலிருந்து புரதம் குறைவாக வரலாம் என்கிறார்கள். ஆர்என்ஏவை எழுதும் பாலிமரேஸ் நொதியை மந்தமாக்கக் கேம்ப்டோதெசின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கேம்ப்டோதெசின் தடுப்பது டோப்போஐசோமரேஸ் 1 என்கிற நொதியை. அது டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்ப்பது. எம்6ஏ என்பது ஆர்என்ஏவில் அடினோசின் மேல் ஏறும் மெத்தில் குறி. அதை வைப்பது மெட்டில்-3 என்கிற வேறு நொதி. ஒன்று டிஎன்ஏ பக்கம், இன்னொன்று ஆர்என்ஏ பக்கம். முதலாவதைத் தடுத்தால் இரண்டாவதின் வேலை ஏன் கூடுகிறது? கைடிடம் கேட்டேன். "பேப்பரைத் திரும்பப் படி" என்றார். நான்கு முறை படித்துவிட்டேன்.

பழைய பைப்பெட் எழுதியது:

தம்பி, பேப்பரை மூடி வை. வீட்டில் தேங்காய்நார்க் கயிறு இருக்கிறதா? இரண்டு புரிக் கயிறாக ஒரு முழம் எடு. இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டு, ஒன்றை ஜன்னல் கம்பியில், இன்னொன்றை நாற்காலிக் காலில். நடுவில் இரண்டு புரிக்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகு. பென்சிலைச் சுழல விடாமல் முன்னால் தள்ளு.

நான்கு விரற்கடை போவதற்குள் தெரியும். பென்சிலுக்கு முன்னால் முறுக்கு ஏறி, கயிறு கல் மாதிரி இறுகிவிடும். பின்னால் புரிகள் தளர்ந்து தனித்தனியாகத் தொங்கும். இன்னும் தள்ளினால் பென்சில் நின்றுவிடும்.

பென்சில்தான் ஆர்என்ஏ பாலிமரேஸ். கயிறு டிஎன்ஏ. 1987இல் லெராய் லியூவும் ஜேம்ஸ் வாங்கும் சொன்ன இரட்டை மிகைச்சுருள் மாதிரி என்பது இதேதான்: முன்னால் நேர் மிகைச்சுருள் (கூடுதல் முறுக்கு), பின்னால் எதிர் மிகைச்சுருள் (தளர்ந்த முறுக்கு). டிஎன்ஏவில் ஏறக்குறைய 10.5 காரத்துக்கு ஒரு சுற்று. மனித செல்லில் பாலிமரேஸ் நிமிடத்துக்குச் சுமார் 2,000 காரம் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 190 சுற்று முறுக்கு முன்னால் சேர்கிறது. அதாவது வினாடிக்கு மூன்று. யாராவது உடனுக்குடன் அவிழ்க்காவிட்டால் பாலிமரேஸ் நின்றுபோகும். அவிழ்ப்பதுதான் டோப்போஐசோமரேஸ்.

உன் கேள்விக்குப் பதில் இதிலேயே பாதி இருக்கிறது. மீதியைக் கயிற்றைத் தள்ளிப் பார்த்துவிட்டு நீயே சொல்.

கயிற்றுக்கார வீடு எழுதியது:

நான் உயிரியல் படித்தவன் இல்லை, ஆனால் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் கயிறு திரித்தார்கள். அக்கா சொன்னதில் ஒரு சந்தேகம். கயிற்றில் முறுக்கு அதிகமானால் நாங்கள் ஒரு முனையைக் கையிலிருந்து விட்டுவிடுவோம். கயிறு தானே சுழன்று முறுக்கு இறங்கிவிடும். டிஎன்ஏவுக்கும் முனை இருக்கும்தானே? அப்புறம் எதற்கு நொதி?

பழைய பைப்பெட் எழுதியது:

அருமையான கேள்வி. முனை இருக்கிறது, ஆனால் ரொம்பத் தூரத்தில். ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர். அது மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்கும் ஒரு உட்கருவுக்குள் மடிந்து, புரதங்களைச் சுற்றி, ஆங்காங்கே கட்டப்பட்டுக் கிடக்கிறது. நடுவில் ஏறும் முறுக்கு முனை வரை போய் இறங்க வழியில்லை.

பாலிமரேஸே டிஎன்ஏவைச் சுற்றிச் சுற்றிப் போகலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் பின்னால் வளர்ந்துகொண்டே போகும் ஆர்என்ஏ வால், அதை வெட்டி ஒட்டும் பெரிய இயந்திரம், இன்னும் என்னென்னவோ தொங்குகின்றன. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக் காரைத் தட்டாமாலை சுற்றச் சொல்வது போல ஆகிவிடும்.

அதனால் டோப்போ 1 என்ன செய்கிறது என்றால், டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒன்றை மட்டும் வெட்டி, வெட்டிய முனையைத் தன்னுடைய ஒரு டைரோசினில் பிடித்துக்கொள்கிறது. மனித நொதியில் அது 723ஆவது அமினோ அமிலம். இழை சுழன்று முறுக்கு இறங்கியதும் திரும்ப ஒட்டிவிடுகிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி செலவே இல்லை. டோப்போ 2 இன்னும் துணிச்சல்காரன். இரண்டு இழையையும் வெட்டி, அந்த இடைவெளி வழியாக இன்னொரு டிஎன்ஏவையே கடத்திவிட்டு ஒட்டும். அதற்கு ஏடிபி வேண்டும்.

ரெண்டாம் வருஷம் எழுதியது:

அக்கா, கயிறு செய்தேன். பென்சில் நின்றது. புரிந்த மாதிரி இருக்கிறது.

மெட்டில்-3 எம்6ஏவை வைப்பது ஆர்என்ஏ முழுதாக முடிந்த பிறகு இல்லை, பாலிமரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே. டோப்போ 1 இல்லாவிட்டால் முறுக்கு ஏறி ஓட்டம் மந்தமாகும். பிறந்துகொண்டிருக்கும் ஆர்என்ஏ டிஎன்ஏ பக்கத்திலேயே அதிக நேரம் இருக்கும். மெட்டில்-3க்குக் குறி வைக்க நேரம் கிடைக்கும். அதனால் குறி கூடும். சரியா? அப்படியென்றால் டோப்போ 1 ஆர்என்ஏவைத் தொடவே இல்லை!

பழைய பைப்பெட் எழுதியது:

சரி. அது சாலையைச் சரிசெய்கிறது, வண்டியில் எதுவும் ஏற்றுவதில்லை. சாலை கெட்டால் வண்டி ஊர்ந்து போகும், வழியோரத்தில் நிற்பவர்களுக்கு எட்டிப் பொருள் ஏற்ற நேரம் கிடைக்கும். பேப்பரின் சாரமே அதுதான்.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லாரும் இவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று விஷயம்.

கேம்ப்டோதெசின் டோப்போ 1ஐ "இல்லாமல்" செய்வதில்லை. வெட்டிய நிலையிலேயே பூட்டிவிடுகிறது. இழை வெட்டுண்டு கிடக்கும், நொதி அதன் மேல் பசை போட்டது போல் ஒட்டியிருக்கும். பாலிமரேஸ் வந்து அதில் மோதும். டிஎன்ஏ பிரதியெடுப்பு நடந்துகொண்டிருந்தால் இழைகள் பிரியும் கவையும் மோதி, ஒற்றை வெட்டு இரட்டை முறிவாகும். செல் அலறும். ஆக எம்6ஏ கூடியது முறுக்காலா, மோதலாலா, டிஎன்ஏ சேத அலாரத்தாலா? மருந்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. நொதியின் அளவையே குறைத்து, அல்லது மருந்தே இல்லாமல் மெதுவாக ஓடும் பிறழ்வு பாலிமரேஸை வைத்துச் செய்தாலும் அதே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சாட்சி இல்லாத எந்த முடிவையும் நான் பாதிதான் நம்புவேன்.

இரண்டாவது, விகிதம். மருந்து கொடுத்ததும் புது ஆர்என்ஏ உற்பத்தி விழுந்துவிடும். செல்லில் இருப்பதில் பழைய சரக்கின் பங்கு மாறும். மொத்த ஆர்என்ஏவில் எம்6ஏ சதவீதம் அளந்தால் அந்த மாற்றமும் சேர்ந்து வரும். புதிதாகப் பிறந்ததைத் தனியாகப் பிரித்து அளந்தார்களா என்று பாருங்கள், தம்பி. ஜர்னல் கிளப்பில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

மூன்றாவது, நேரம் மட்டும் போதும் என்றால் எம்6ஏ ஆர்என்ஏ முழுக்கச் சீராகக் கூடவேண்டும். உண்மையில் அது நீளமான எக்ஸான்களிலும் (வெட்டி ஒட்டிய பின் ஆர்என்ஏவில் மிஞ்சும் துண்டுகள்), புரதம் முடியும் இடத்தைச் சொல்லும் நிறுத்தக் குறியின் பக்கத்திலும்தான் குவிகிறது. எக்ஸான்கள் ஒட்டும் இடத்தில் உட்காரும் புரதக் கூட்டம் அந்த வட்டாரத்தில் மெட்டில்-3ஐ நெருங்க விடுவதில்லை என்று 2022க்குப் பிறகு வந்த வேலைகள் காட்டுகின்றன. ஆக வேகம் "எவ்வளவு" என்பதை மாற்றலாம். "எங்கே" என்பதை வேறு ஆட்கள் தீர்மானிக்கிறார்கள்.

ரெண்டாம் வருஷம் எழுதியது:

சார், நீங்கள் எங்கள் துறைக்கு வந்துவிடாதீர்கள் ப்ளீஸ்.

திருச்சிக்காரன் எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு மார்பகப் புற்று. சிவப்பு நிற மருந்து ஏற்றினார்கள், டாக்ஸோரூபிசின். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். இதயத்துக்கு ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் விதிமுறை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதுவும் இந்த டோப்போ விஷயம்தானா?

பழைய பைப்பெட் எழுதியது:

ஆமாம், டோப்போ 2. அதில் இரண்டு வகை உண்டு. ஆல்ஃபா வேகமாகப் பெருகும் செல்களில் அதிகம், புற்றுச் செல்லில் நாம் தாக்க நினைப்பது அதை. பீட்டா பெருகாத செல்களிலும் இருக்கும், இதயத் தசையிலும். டாக்ஸோரூபிசினுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதயத் தசையில் மட்டும் பீட்டாவை நீக்கிய எலிகளுக்கு டாக்ஸோரூபிசினால் வரும் இதயச் சேதம் வெகுவாகக் குறைந்தது என்று 2012இல் காட்டினார்கள். எக்கோ எடுப்பது அதைக் கண்காணிக்கத்தான். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

திருச்சிக்காரன் எழுதியது:

சுற்றுகள் முடிந்துவிட்டன, எக்கோ நன்றாக இருக்கிறதாம். முடி திரும்ப வளர்கிறது. இப்போது காலையில் சிக்கெடுக்க முடியவில்லை என்று திட்டுகிறாள், அதில்தான் எனக்குச் சந்தோஷம்.

மலையேறி எழுதியது:

கேம்ப்டோதெசின் என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1966இல் மன்ரோ வால், மன்சுக் வாணி என்ற இருவர் அமெரிக்காவில் அதைப் பிரித்தெடுத்தது ஒரு சீன மரத்திலிருந்து. ஆனால் 1972இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்திலும் அது இருப்பதைக் காட்டினார்கள். அப்போது மாப்பியா ஃபெட்டிடா என்று பெயர், இப்போது நோத்தாபோடைட்டிஸ். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர், பிறகு மும்பையில் சீபா ஆராய்ச்சி மையத்துக்குப் போனவர். மருந்துக்காக அந்த மரத்தைக் கண்டபடி வெட்டியதில் இன்று அது அருகிவரும் வகையில் சேர்ந்துவிட்டது.

அது டோப்போ 1ஐத்தான் தாக்குகிறது என்று 1985இல் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர், அக்கா மேலே சொன்ன அதே லெராய் லியூ.

மீனுக்குட்டி அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏஞ்சல்மேன் நோய்த்தொகுப்பு, ஆறு வயது. பேச்சு இல்லை, வலிப்பு உண்டு, ஆனால் எப்போதும் சிரிப்பாள். டோப்போடெகான் என்கிற மருந்து இந்தக் குழந்தைகளின் தூங்கும் மரபணுவை எழுப்பும் என்று ஒரு பெற்றோர் குழுவில் படித்தேன். இது அதே குடும்பத்து மருந்தா? கொடுக்கலாமா? கேட்பது தப்பென்றால் மன்னியுங்கள்.

பழைய பைப்பெட் எழுதியது:

தப்பே இல்லை, அம்மா. அதே குடும்பம்தான், கேம்ப்டோதெசினிலிருந்து உருவாக்கியது. நீங்கள் படித்தது நிஜமான ஆய்வு. ஆனால் கொடுக்கக் கூடாது. ஏன் என்று முழுசாகச் சொல்கிறேன்.

ஏஞ்சல்மேனில் சம்பந்தப்பட்ட மரபணு யூபிஇ3ஏ, 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நரம்புச் செல்களில் அம்மா வழி வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். அப்பா வழிப் பிரதி நன்றாக இருந்தும் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அடைப்பது எது? அதே இடத்தில் எதிர்த்திசையில் ஓடிவரும் மிக நீளமான ஒரு ஆர்என்ஏ. அம்மா வழிப் பிரதி பழுதானால் அப்பா வழிப் பிரதி தூங்கிக்கொண்டே இருக்கும், எழுந்து கைகொடுக்காது.

அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2,306 சேர்மங்களை எலியின் நரம்புச் செல்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எழுப்பியவற்றில் பெரும்பாலானவை டோப்போஐசோமரேஸ் தடுப்பிகள். 2012இல் நேச்சர் இதழில் வந்தது. காரணம் நாம் மேலே பேசியதுதான். அந்த எதிர்த்திசை ஆர்என்ஏ மிக நீளம். நீளம் என்றால் முறுக்கு அதிகம். டோப்போ 1ஐ நிறுத்தினால் பாலிமரேஸ் பாதி வழியில் நின்றுவிடும், ஆர்என்ஏ முழுதாக வராது, அடைப்பு விலகும்.

ஆனால் நீளமான மரபணு அது ஒன்று மட்டும் இல்லையே. அடுத்த ஆண்டே அதே பல்கலைக்கழகக் குழு இன்னொரு கட்டுரை போட்டது. டோப்போடெகான் கொடுத்த நரம்புச் செல்களில் 2 லட்சம் காரத்துக்கு மேல் நீளமுள்ள மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே அடங்கிப்போயின. மூளைக்கு வேண்டிய பல மரபணுக்கள் நீளமானவை. ஆட்டிசத்தோடு தொடர்புடையவையும் அவற்றில் நிறைய. ஒரு மரபணுவை எழுப்பப் போய் ஒரு தெருவையே தூங்க வைக்கும் மருந்து அது. போதாததற்கு எலும்பு மஜ்ஜையையும் அடக்கும்.

அந்த எதிர்த்திசை ஆர்என்ஏவை மட்டும் குறிபார்த்து அழிக்கும் சிறு இழைகளை உருவாக்கி மனிதர்களில் சோதனை நடக்கிறது. கேட்பதென்றால் அதைப் பற்றி உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். மீனுக்குட்டிக்கு என் அன்பு.

மீனுக்குட்டி அம்மா எழுதியது:

இத்தனை வருஷத்தில் "கூடாது" என்பதைக் காரணத்தோடு சொன்ன முதல் ஆள் நீங்கள். நன்றி.

சந்தேகப்பிராணி எழுதியது:

2013 கட்டுரைக்கு ஒரு பாராட்டு சொல்ல வேண்டும். நான் கேட்ட இரண்டாவது சாட்சி அதில் உண்டு. மருந்து இல்லாமல் டோப்போ 1இன் அளவை மட்டும் குறைத்தபோதும் நீள மரபணுக்கள் இறங்கின. அதனால் நீளம் பற்றிய வாதத்தை நான் நம்புகிறேன்.

தசைநார்ச் சிதைவு நோயில் வரும் டிஸ்ட்ரோஃபின் மரபணு 22 லட்சம் காரம் இருக்கும். ஒரு முறை படியெடுக்க சுமார் 16 மணி நேரம் என்று 1995இல் அளந்தார்கள். 10.5ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஆர்என்ஏவுக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் அவிழ்க்க வேண்டும்.

கயிற்றுக்கார வீடு எழுதியது:

இரண்டு லட்சமா! எங்கள் தாத்தா இதைக் கேட்டிருந்தால் ராட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

ரெண்டாம் வருஷம் எழுதியது:

இன்னொரு குழப்பம். டோப்போ 1 இவ்வளவு அவசியம் என்றால் எப்போதும் முழு வேகத்தில் வேலை செய்யலாமே? மரபணுவின் தொடக்கத்தில் அது சோம்பிக் கிடக்கிறது என்று ஒரு இடத்தில் படித்தேன்.

பழைய பைப்பெட் எழுதியது:

அது 2016இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் செய்த வேலை. தொடக்கத்தில் டோப்போ 1 உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அடக்கமாக. பாலிமரேஸ் தடை நீங்கிப் புறப்படும்போது அதன் வாலில் பாஸ்பேட் ஏறுகிறது, அதற்குப் பிறகுதான் டோப்போ 1 முடுக்கி விடப்படுகிறது. அர்த்தம் இருக்கிறது. தொடக்கத்தில் டிஎன்ஏ இழைகள் பிரிய வேண்டும். கொஞ்சம் தளர்ந்த எதிர் மிகைச்சுருள் அங்கே தேவை. டோப்போ 1 ஓவராக உழைத்தால் அந்தத் தளர்ச்சியும் போய்விடும்.

பின்பக்கத் தளர்ச்சி ரொம்பக் கூடினாலும் ஆபத்துதான். புதிதாக வந்த ஆர்என்ஏ திரும்பிப் போய்த் தன் டிஎன்ஏவோடேயே ஒட்டிக்கொள்ளும். அந்த முடிச்சுக்கு ஆர்-லூப் என்று பெயர்.

பாக்டீரியா இதில் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. சிப்ரோஃப்ளாக்சாசின் மாத்திரை தாக்கும் கைரேஸ் நொதி அங்கே எதிர் முறுக்கை ஏற்றுகிறது. டிஎன்ஏ தளர்ந்தால் கைரேஸின் சொந்த மரபணு அதிகமாக ஓடும் என்று 1983லேயே கண்டார்கள். முறுக்கே தன்னைத் தானே அளந்து சரிசெய்துகொள்கிறது.

சந்தேகப்பிராணி எழுதியது:

அக்கா மேலே "சாலையைச் சரிசெய்கிறது, வண்டியில் எதுவும் ஏற்றுவதில்லை" என்றார். அதில் எனக்குச் சண்டை உண்டு. 1996இல் பிரான்சிலிருந்து ஒரு குழு, டோப்போ 1 ஒரு கைனேஸ் ஆகவும் வேலை செய்கிறது என்று நேச்சரில் எழுதியது. ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவதில் உதவும் எஸ்ஆர் புரதங்களில் அது பாஸ்பேட் ஏற்றுகிறது. அப்படியானால் வண்டியில் எந்தச் சாமான் என்பதில் அதற்கும் ஒரு கை இருக்கிறது.

பழைய பைப்பெட் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், உவமை அங்கே உடைகிறது. ஆனால் பாஸ்பேட் ஏறுவது புரதத்தில். ஆர்என்ஏவின் மேல் எந்த வேதிக்குறியையும் டோப்போ 1 வைப்பதில்லை. தம்பி கேட்டது எம்6ஏ பற்றி. அதில் என் வாக்கியம் நிற்கிறது.

உண்மையிலேயே ஆர்என்ஏவைத் தொடும் உறவுக்காரன் ஒருத்தன் இருக்கிறான். டோப்போ 3 பீட்டா. நீண்ட நாள் எல்லாரும் அதை டிஎன்ஏ நொதி என்றே நினைத்தோம். 2013இல் நேச்சர் நியூரோசயன்ஸில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. அது ஆர்என்ஏவின் சிக்கையும் எடுக்கிறது, டிடிஆர்டி3 என்ற புரதத்தோடு சேர்ந்து, ஃப்ராஜைல் எக்ஸ் நோய்த்தொகுப்பில் இல்லாமல் போகும் எஃப்எம்ஆர்பி புரதத்தோடு கைகோத்து நிற்கிறது. வட ஃபின்லாந்தில் இந்த மரபணு விடுபட்ட சிலருக்கு மனச்சிதைவும் அறிவு வளர்ச்சிக் குறைவும் இருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

மலையேறி எழுதியது:

ஆர்என்ஏவில் சிக்கு விழுமா? அது ஒற்றை இழைதானே?

பழைய பைப்பெட் எழுதியது:

ஒற்றை இழை நூலை டப்பாவில் போட்டு ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள், மலையேறி. ஆர்என்ஏ தன் மேலேயே மடிந்து மடிந்து இணை சேரும். முடிச்சு விழ இடம் உண்டு. டெங்கு மாதிரி சில ஆர்என்ஏ வைரஸ்கள் நம் செல்லின் டோப்போ 3 பீட்டாவை எடுத்துக்கொண்டுதான் சரியாகப் பெருகுகின்றன என்று 2020இல் காட்டியிருக்கிறார்கள். தம்பி, இது உன் தலைப்பு இல்லை. ஸ்லைடில் போடாதே, நேரம் போதாது.

ரெண்டாம் வருஷம் எழுதியது:

முடிந்தது! தாமதமாகச் சொல்கிறேன். பதினெட்டு ஸ்லைடு வைத்திருந்தேன், ஐந்தாவதைத் தாண்டவில்லை. கயிற்றைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு முனையை ஃபியூம் ஹூட் கைப்பிடியில் கட்டினேன். கைடு "கொடு, நான் தள்ளுகிறேன்" என்று வாங்கித் தள்ளினார். இறுகியதும் விடாமல் அழுத்தினார், பென்சில் முறிந்தது. "இதுதான் கேம்ப்டோதெசினா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இல்லை, அதற்குக் கயிற்றில் ஒரு புரியை வெட்டி அதில் கிளிப் மாட்ட வேண்டும் என்று சந்தேகப்பிராணி சார் பாணியில் சொன்னேன்.

புது ஆர்என்ஏவைத் தனியாக அளந்தார்களா என்று கைடே கேட்டார். சார், நீங்கள் சொன்னபடியேதான்.

கயிற்றை பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் யாரோ அதை எடுத்து ஐஸ் பெட்டி மூடியைக் கட்டியிருக்கிறார்கள்.